பிரேக் சாருக்கு உண்மையாகவே காய்ச்சல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்றில், வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. அந்த இருக்கையில் இருந்தவர் என் பயிற்றுநர். தலை நரைத்த பிறகு எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்ததில் கிடைத்த ஒரே லாபம் அவர்தான். லைசன்ஸ் இன்னும் கிடைக்கவில்லை.

கதையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கும் இன்னொருவருக்கும் தகராறு. அவர் பயிற்றுநருடைய மனைவியின் தங்கை. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. செல்லின் மேல் துளை போடும் புரதங்கள்தான் அவருடைய படிப்பு, பிழைப்பு, பேச்சு எல்லாம். வீட்டில் அவருக்கு ‘ஓட்டை’ என்று பெயர். (‘ஊர்ல எல்லாரும் ஓட்டையை அடைக்கத்தான் படிப்பாங்க, இவ போடப் படிச்சிருக்கா’ என்பது அக்காவின் விளக்கம்.) அறிவியல் தப்பாக வந்துவிடக் கூடாதே என்று எழுத எழுத அவரிடம் காட்டினேன். சனியனை விலைக்கு வாங்கியது போல ஆயிற்று.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘அந்தச் செல் சாவதென்று முடிவெடுத்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’

[ஓட்டை ஓரத்தில் எழுதியது: செல் முடிவெடுக்காது. மழைக்கு ஆதாரம்?]

இரண்டாவது: ‘தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்துக்கொண்டு, ஊரைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த அந்த மாவீரன்’

[சுவர் செடிகளுக்கு. நமக்குச் சவ்வு. மாவீரன் இல்லை, வேதியியல்.]

வாக்கியத்தை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டேன். மூன்றாவதாக எழுதியதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆகவே கதை இங்கே தொடங்குகிறது:

பிரேக் சாருக்கு மறுபடியும் காய்ச்சல்.

2

பயிற்றுநருக்கு எல்லாரும் வைத்த பெயர் பிரேக் சார். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே பூனை தென்பட்டால் அழுத்துவார். பூனை வரக்கூடும் என்று தோன்றினாலும் அழுத்துவார். மாணவர்கள் அதனால்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியை நடத்தும் முதலாளியம்மா நினைத்தது வேறு. மாதம் தவறாமல் அவர் எடுக்கும் லீவுதான் அந்த அம்மாளுக்கு பிரேக்.

(முதல் பிரதியில் அவரைக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி பொருத்துகிறவராக ஆக்கியிருந்தேன். நெருப்பே இல்லாமல் மணி அடிக்கிற நோய்க்கு என்ன பொருத்தம் பாருங்கள் என்று எனக்கே புல்லரித்தது. பிரேக் சார் படித்துவிட்டு, ‘எனக்கு ஏணி ஏறினா தலை சுத்தும், ரைட்டர்’ என்றார். விட்டுவிட்டேன்.)

காய்ச்சல் வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். காலையில் நன்றாக இருப்பார். மதியம் முதுகில் ஒரு நடுக்கம். பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். நிமிர முடியாது. மூன்று நாள். நான்காம் நாள் ஒன்றுமே நடக்காதவர் போல எழுந்து, முகம் மழித்துக்கொண்டு, காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த நான்காம் நாள்தான் அவருடைய எதிரி. செத்துப் பிழைத்த ஆள் கொஞ்சமாவது வாடி நிற்க வேண்டாமா? இவர் கன்னம் மினுமினுக்க வந்து நிற்பார்.

போதாக்குறைக்கு, காய்ச்சல் நேரம் பார்த்து வரும். மாணவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு என்றால் வரும். மைத்துனர் வீட்டுக் கல்யாணம் என்றால் வரும். வீடு மாற்றும்போது சரியாக பீரோவைத் தூக்கும் வேளையில் வந்தது. சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

3

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்தும் டீச்சர். இத்தனை வருடங்களில் பிள்ளைகளின் விடுப்புக் கடிதங்களைப் படித்துப் படித்து, பொய் வயிற்றுவலியை வாசலிலேயே கண்டுபிடித்துவிடும் திறமை அவருக்கு வந்திருந்தது. அந்தத் திறமையைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வர அவரால் முடியவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் பதறத்தான் செய்தார். ஈரத்துணி போட்டார், கஞ்சி வைத்தார், மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே இவர் சுருண்டு கிடந்த கோலத்தைப் பார்த்துக் குடல்வால் வீக்கம் என்று சொல்லி வயிற்றைத் திறந்தார்கள். வெட்டி எடுத்த குடல்வால் பழுதில்லாமல் இருந்ததாம். அடுத்த மாதமே அதே வலி, அதே காய்ச்சல்.

“இனிமே எடுக்கறதுக்கு உள்ள என்னங்க பாக்கி இருக்கு?” என்று டீச்சர் கேட்டார். அன்றோடு பதறுவது நின்றது. கஞ்சி மட்டும் நிற்கவில்லை. ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போவார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், பிரேக் சாருக்கு வயிற்றுவலியை விட அதுதான் வலிக்கும்.

(இந்த இடத்தில் டீச்சரை வில்லியாக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வசதியாக இருந்திருக்கும். ஆனால் நம்பாத ஒருவருக்கு இத்தனை வருடம் கஞ்சி வைத்த மனுஷியை வில்லி என்று எழுதக் கை வரவில்லை.)

கொடுமை என்னவென்றால், பிரேக் சாருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாப் பரிசோதனையிலும் கிருமி இல்லை, கட்டி இல்லை, கல் இல்லை. இல்லாத ஒன்றுக்கு உடம்பு ஏன் இப்படிக் கொதிக்கிறது? நாம்தான் வரவழைத்துக்கொள்கிறோமோ? போர்வைக்குள் கிடந்து அவர் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்வார். ஒருமுறைகூட விடுதலை கிடைத்ததில்லை.

4

ஓட்டையின் வீட்டில் வெள்ளையடித்தார்கள். வாசனை தாங்காமல் அவர் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் வந்து தங்கினார். அப்படித்தான் அகப்பட்டது விஷயம். [‘அகப்பட்டது’ என்று எழுத வேண்டாம். ‘சந்தேகம் எழுந்தது’ என்று எழுதவும்.] சரி, சந்தேகம் எழுந்தது.

அவர் வந்த மறுநாள் பிரேக் சார் காய்ச்சலில் விழுந்தார். ஓட்டை அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நலம் விசாரிக்கப் போனவர் காலருகே உட்கார்ந்து கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தோல் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று இருந்தது.

“அத்தான், இது எப்பவும் வருமா?”

“சில தடவை வரும். காய்ச்சலோட வந்து காய்ச்சலோட போயிடும்.”

“சளி? இருமல்?”

“ஒண்ணும் கிடையாது.”

“மாத்திரை போட்டா சீக்கிரம் சரியாகுதா?”

“போட்டாலும் மூணு நாள். போடலைன்னாலும் மூணு நாள்.”

“நாலாவது நாள்?”

டீச்சர் சமையலறையிலிருந்தே பதில் சொன்னார்: “நாலாவது நாள் புது மாப்பிள்ளை!”

ஓட்டை சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கட்டில் முனையில் உட்கார வைத்தார்.

“அக்கா, நான் என்ன வேலை பாக்குறேன்னு உனக்குத் தெரியுமா?”

“ஓட்டை போடுற.”

“நான் போடல. ஒரு புரதம் போடுது. கேளு. வெள்ளை அணுக்களுக்குள்ள காவல்காரப் புரதங்கள் இருக்கு. கிருமி உள்ள பூந்தா அதுங்க உஷாராகி ஒண்ணா கூடும். உடனே இன்னொரு புரதத்தை வெட்டி விடும். வெட்டின துண்டுங்க வட்டமா கைகோத்து நின்னு, அந்தச் செல்லோட சவ்வுலயே துளை போடும். துளை வழியா ஆபத்துங்கிற செய்தி வெளிய பாயும். அதுலதான் காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம். பல சமயம் அந்தச் செல் தண்ணி ஏறி உப்பி, வெடிச்சே செத்துடும்.”

“தானே ஓட்டை போட்டுக்கிட்டு தானே சாகுமா? இது என்னடி புத்தி?”

“நல்ல புத்திதான் அக்கா. கிருமிக்கு ஒளிய இடம் போச்சு. பக்கத்துல இருக்கிறதெல்லாம் முழிச்சுக்கிச்சு. இது இல்லைன்னா சின்னக் கிருமிகூட நம்மள முடிச்சுடும்.”

“சரி, இவருக்கு என்ன கிருமி?”

“அதான் இல்ல. எனக்குக் காவல்காரன் மேலதான் சந்தேகம். சில குடும்பத்துல ஒரு காவல்காரப் புரதம் பிறவியிலேயே கொஞ்சம் பதற்றக்காரனா இருக்கும். கிருமியே வராம கத்தும். களைப்பு, கவலை, அலைச்சல், அது போதும் அதுக்கு. கத்திக் கத்தி ஓஞ்சதும் தானே அடங்கும். மூணு நாள்.”

கட்டிலில் கிடந்தவர் இவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடியபடியே மெல்லக் கேட்டார்:

“அப்ப, ரோட்டுல யாருமே இல்ல. ஹாரன் மட்டும் ஒட்டிக்கிட்டு அடிச்சிட்டே இருக்கு. அப்படியா?”

“அதேதான் அத்தான்.”

“டிரைவர் அடிக்கல?”

“டிரைவர் பாவம், காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு.”

பிரேக் சார் அழுதார். [இல்லை, வியர்வை. – பிரேக் சார்] பிரேக் சாருக்குக் கண்ணில் வியர்த்தது.

டீச்சர் எழுந்து போய்க் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

5

(இனி மருத்துவமனைக் காட்சி. நீண்ட வராந்தா, பினாயில் வாசனை, கடிகாரம் என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நீங்களும் போய்க் காத்திருந்தவர்கள்தானே.)

ஓட்டை கூட்டிப்போன மருத்துவர் மெல்லப் பேசுகிறவர். ‘இப்பவே ரத்தம் எடுத்துடலாம், காய்ச்சல் போறதுக்குள்ள’ என்று அவர் அவசரப்பட்டபோது பிரேக் சாருக்கு ஒரே பெருமை. தன் காய்ச்சலுக்காக ஒருவர் அவசரப்பட்டதை அவர் அன்றுதான் பார்த்தார். காய்ச்சல் அடங்கிய பிறகு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். மரபணுவையும் பார்த்தார்கள். முடிவுகள் வந்ததும் மருத்துவர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததில் பிரேக் சாருக்கு இன்னும் திருப்தி.

“சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?” என்று மருத்துவர் கேட்டார்.

“இல்லைங்க.”

“அப்பா, அம்மா?”

“அப்பா...” என்றார் பிரேக் சார். “அப்பா அடிக்கடி படுத்துக்குவாரு. நாங்க சோம்பேறின்னு சொல்வோம்.”

“இப்ப இருக்காரா?”

“இல்லைங்க. கிட்னி போயிடுச்சு.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். கவனிக்காமல் விட்டால் இந்த நோய் வருடக்கணக்கில் சிறுநீரகத்தைத்தான் போய்க் கெடுக்கும் என்றும், இவருக்கு அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை என்றும், தினமும் ஒரு மாத்திரை தவறாமல் போட்டால் பெரும்பாலும் போகாது என்றும் சொன்னார். டீச்சர் கணவரின் சட்டைக் கையைப் பிடித்தவர், காருக்கு வரும்வரை விடவில்லை. காரில் பிரேக் சார் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “நல்ல மனுஷன்” என்றார். மருத்துவரைச் சொல்கிறார் என்று ஓட்டை நினைத்தார். டீச்சர் அப்படி நினைக்கவில்லை.

(நகைச்சுவைக் கதையில் இது எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

6

மாத்திரை வேலை செய்தது. வேலை செய்தது என்றால் சாதாரணமாக அல்ல. காய்ச்சல் வந்த வழியே போயிற்று. பிரேக் சாரின் கஷ்டகாலம் அன்றுதான் ஆரம்பித்தது.

கல்யாணமா, வர வேண்டும். காதைத் துளைக்கிற மாதிரிப் பேசும் பெரியப்பாவின் பிறந்தநாளா, வர வேண்டும். வீடு மாற்றும் மைத்துனர், “மாமா, இப்பதான் உடம்பு நல்லாயிருச்சாமே!” என்று பீரோவின் கனமான பக்கத்தை அவரிடம் தள்ளினார். முதலாளியம்மா ஞாயிறு வகுப்பும் போட்டார். “பிரேக்கே இல்லாம ஓடுறீங்களே சார்” என்று பாராட்டினார். என் ஓட்டுநர் தேர்வுக்கும் இந்த முறை பிரேக் சார் நேரிலேயே வந்து நின்றார். நான் தோற்றேன். இதற்கு முன் தோற்றபோதெல்லாம் ‘என் பயிற்றுநருக்குக் காய்ச்சல்’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வசதியும் போயிற்று.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். டீச்சர் அன்பாகிவிட்டார். “இத்தனை வருஷமா உங்களை நம்பாமப் போயிட்டேனே” என்று தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பார். சந்தேகப்பட்ட ஒவ்வொரு காய்ச்சலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். பீரோ காய்ச்சல், கல்யாணக் காய்ச்சல், என் தேர்வுக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கேட்டாயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது, “எனக்கு நல்லாசிரியர் விருது குடுத்தாங்களே, அன்னிக்கு வந்த காய்ச்சலுக்கும்தான். பக்கத்து நாற்காலி காலியா இருந்துச்சு. தலைமையாசிரியர் அதுல பையை வெச்சுட்டாரு. அந்தப் பையைப் பாத்துக்கிட்டே உங்களை மனசுல திட்டினேன். என்னை மன்னிச்சுடுங்க” என்றார்.

பிரேக் சார் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் ஒரு சிவப்பு விளக்கில் என்னிடம் சொன்னார்.

“மத்ததெல்லாம் நிஜம், ரைட்டர். அது மட்டும் பொய்.”

“விருது நாளா?”

“டீச்சரோட கணவர் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கார்ல பேச வரும். ‘கிளட்ச்சை விடு, கிளட்ச்சை விடு’ன்னு நாள் பூரா கத்துவேன். மேடையில யாருகிட்ட கிளட்ச்சை விடச் சொல்றது? காலையில போர்வையைப் போத்திக்கிட்டு, காய்ச்சல்னு சொல்லிட்டேன். அவ புடவையைக் கட்டிக்கிட்டுத் தனியா போயிட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் மதியம் நிஜமாவே வந்துடுச்சு.”

நான் பிரேக்கை அழுத்தினேன். கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

“சத்தியமா. அவ மேடையில நிக்கிற நேரத்துக்கு எனக்கு அனலா அடிக்குது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுறேன். இப்ப சொல்லுங்க, அது பொய்யா, நிஜமா?”

பின்னொரு நாள் ஓட்டையிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். மனக்கலக்கம் காய்ச்சலைக் கிளப்பிவிடக்கூடும் என்றார். பொய் சொன்ன கலக்கமா, மேடை பயமா, தனியாகப் போன புடவை முதுகா, எது கிளப்பியது என்று பிரித்துப் பார்க்கும் கருவி தங்களிடம் இல்லை என்றும் சொன்னார்.

அன்றைக்கு அந்தச் சிவப்பு விளக்கில், பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்திருந்தது.

“இதை எழுதலாமா?” என்றேன்.

“எழுதுங்க. ஆனா அவளுக்குப் புரியாத மாதிரி எழுதுங்க. உங்களுக்கு அதுவா கஷ்டம்?”

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவர் சொல்லிவிடுகிறார், டீச்சர் சிரித்துவிடுகிறார். இனிப்பு அதிகம். இன்னொன்றில் அவர் சொல்லவே இல்லை, தினமும் மாத்திரையோடு அதையும் சேர்த்து விழுங்குகிறார். இது விமர்சகர்களுக்குப் பிடிக்கும். மூன்றாவதில், அவர் மாத்திரையை வேண்டுமென்றே

[இதை உடனே அடிக்கவும். யாராவது செய்து பார்த்துவிடுவார்கள்.]

அடித்துவிட்டேன்.

நான் மூன்றுக்கும் இடையில் தவித்துக்கொண்டிருந்தபோது ஓட்டை ஒரு காரியம் செய்தார். எழுத்துப்பிழை பார்க்கட்டும் என்று என் பிரதியை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

“ஆறாவது பகுதியைப் படிச்சீங்களா?” என்று அலறினேன்.

“அதுல செல்லே இல்லையே” என்றார். “தள்ளிட்டேன்.”

பிரதி திரும்பி வந்தது. டீச்சரின் சிவப்பு மை முதல் பக்கத்திலிருந்தே மேய்ந்திருந்தது. ஒற்று விடுபட்ட இடங்களில் ஒற்று. மூன்றாம் பகுதியில் ‘ணங்’கைச் சுழித்து, ‘அவ்வளவு சத்தமாகவா?’ என்று ஒரு கேள்வி. ஐந்தாம் பகுதியில் ‘நல்ல மனுஷன்’ என்ற சொற்களுக்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். ஆறாம் பகுதியில் நாற்காலி, பை எல்லாம் தாண்டி, சிவப்பு விளக்கு வரும் இடத்தோடு மை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் நான் மூன்று பிழை விட்டிருந்தேன். அவர் கண்ணுக்கு அவை தப்பியிருக்க வழியே இல்லை.

மறுநாள் என் வகுப்புக்குப் போனால், ஓட்டுநர் இருக்கையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடுங்கன்னு சொன்னேன்” என்றார் என்னிடம். “நீங்க பின்னாடி ஏறிக்கோங்க.”

பக்கத்தில் பிரேக் சார், முகத்தில் ஈ ஆடவில்லை. டீச்சர் கண்ணாடியைச் சரி செய்தார். கியரைப் போட்டார். கார் ஒரு துள்ளுத் துள்ளி நகர்ந்தது. பூனை வந்தது, வரக்கூடிய பூனை அல்ல, நிஜப் பூனை. பிரேக் சாரின் கால் அசையவே இல்லை. டீச்சர்தான் அழுத்தினார்.

“என்னங்க” என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மேடையில என்ன பேசியிருப்பீங்க?”

“என்ன?”

“அன்னிக்கு. வந்திருந்தா. ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தாங்களே. இப்ப பேசுங்க. கார்லதானே இருக்கீங்க.”

பிரேக் சார் தொண்டையைச் செருமினார். கழுத்துவரை சிவந்துவிட்டார். காய்ச்சலோ என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. வாயைத் திறந்தார்.

என் எழுத்து வாழ்க்கையில் இதைவிட நல்ல இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்க வேண்டியவர் நான் அல்ல என்று தோன்றியது. “கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க டீச்சர்” என்றேன். இண்டிகேட்டரைச் சரியான பக்கமே போட்டு நிறுத்தினார். இறங்கிவிட்டேன்.

கதவைச் சாத்தவில்லை. என்ன பேசினார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் ஏறிக்கொள்ளலாம். பின்னால் இடம் இருக்கிறது. சீக்கிரம், டீச்சர் கிளட்ச்சை விடப்போகிறார்.